தண்ணீருக்குள் முடிச்சு

"வெட்டுறது நல்லதா, நூல் கட்டுறது நல்லதா?"

டாக்டர் சென்னியப்பன் இதைக் கேட்கத்தான் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

டாக்டர் ஜெசிந்தா அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கையால் குழாயை மூடினார். ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்தபடி வந்தவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சுங்க."

"அப்ப உள்ள வாங்க."

பதில் அவ்வளவுதான்.

*

உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலை, கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அந்த மருத்துவமனை வாசலில் நின்றுவிடும்.

எந்த ஜன்னலைத் திறந்தாலும் வெள்ளை. பாத்தி பாத்தியாக வெள்ளை, குவியல் குவியலாக வெள்ளை. வெயில் ஏறியதும் உப்புக் குவியல்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதக்கும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் மிதக்கும்.

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டி சில வருடங்கள் ஆகியிருந்தன. ஜெசிந்தா அவருக்கு மிகவும் இளையவர். சென்னியப்பனிடம் தொழில் கற்றவர்களே இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தலைமை டாக்டர்கள். அவர்களிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் கண்காணாத இடத்துக்குப் போயிருக்கிறார் என்று ஈரோட்டில் பேசிக்கொண்டார்கள்.

அது பாதி உண்மை. மீதி இது.

இதயத்தின் இடது பக்கம் இரண்டு இதழ் கொண்ட வால்வு ஒன்று உண்டு. கீழறைக்கு வந்த ரத்தம் வந்த வழியே திரும்பிவிடாமல் மூடிக்கொள்வது அதன் வேலை. கீழேயிருந்து மெல்லிய கயிறுகள் அந்த இதழ்களை இழுத்துப் பிடித்திருக்கும். கயிறு அறுந்தால் இதழ் மேலே துருத்தும். ரத்தம் பின்னால் கசியும். நுரையீரல் கனத்துப்போகும். படுத்தால் மூச்சு முட்டும்.

அதைச் சரிசெய்ய இரண்டு வழி. துருத்துகிற பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைக்கலாம். அல்லது எதையும் வெட்டாமல், அறுந்த கயிற்றுக்குப் பதிலாகப் புது நூல் கட்டலாம்.

வெட்டுகிறவர்கள் கட்டுகிறவர்களைப் பொம்மலாட்டக்காரர்கள் என்பார்கள். கட்டுகிறவர்கள் வெட்டுகிறவர்களைக் கசாப்புக்கடைக்காரர்கள் என்பார்கள். மாநாடுகளில் காபி குடிக்கும்போதுகூட இரண்டு கூட்டமாகத்தான் நிற்பார்கள்.

சென்னியப்பன் பல காலம் வெட்டுகிற கூட்டத்தில் நின்றார். பிறகு காபியைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றக் கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டிலும் ஒரே சங்கடம். அவர் கை வைத்த வால்வு ஆபரேஷன் மேஜையில் கச்சிதமாக மூடும். சொட்டுக் கசியாது. இதயம் விழித்து அடிக்கத் தொடங்கியதும், சில வால்வுகள் கசியும்.

எல்லாம் இல்லை. சில.

எது கசியும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

*

ஜெசிந்தாவின் தியேட்டரில் யாரும் ஓடவில்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை.

பம்ப் மெஷின் ரத்தத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டது. குளிர்ந்த மருந்து உள்ளே போனது. இதயம் புரண்டு படுத்தது. மறுபடி ஒருமுறை புரண்டது. பிறகு தூங்கிப்போனது.

மேலறையைத் திறந்ததும் வால்வு தெரிந்தது. நனைத்துப் போட்ட துணி மாதிரி துவண்டு கிடந்தது.

"தண்ணி," என்றார் ஜெசிந்தா.

கருவிகள் எடுத்துக் கொடுக்கும் ரூபவதி சிஸ்டர் சலைன் நிரப்பிய பெரிய சிரிஞ்சை நீட்டினார். வால்வின் வழியாக அந்த உப்பு நீர் கீழறைக்குள் போனது. அறை நிறைய நிறைய, துவண்டு கிடந்த இதழ்கள் எழுந்தன. கிணற்று நீருக்கடியில் யாரோ மெல்லப் புரள்வது போல இருந்தது.

அப்புறம் ஜெசிந்தா எதுவும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இதயத்தை நிறுத்திவைத்துவிட்டு இப்படிச் சும்மா நிற்கிற ஆளை அவர் பார்த்ததில்லை.

"மேடம், எதுக்குக் காத்திருக்கோம்?"

"அது மூடுறதுக்கு."

"அது கசியுதுங்களே."

"ஆமா. எங்க கசியுது, எப்படிக் கசியுதுன்னு சொல்லிட்டு இருக்கு. நடுவுல நாம பேசலாமா சார்?"

சிரிப்பு ரூபவதி சிஸ்டரின் முகமூடிக்கு மேலே, கண்ணில் தெரிந்தது.

*

நாட்கள் போயின.

சென்னியப்பன் தினமும் கேட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டார். படியிறங்கும்போது கேட்டார்.

"பத்து வருசம் கழிச்சுப் பார்த்தா எதுங்க தாங்கும்?"

"தண்ணி ஊத்திப் பாருங்க சார்."

"முன்னிதழ் கெட்டுப்போனா?"

"தண்ணி ஊத்திப் பாருங்க."

"உங்களுக்கு வேற பதிலே தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா நான் ஏன் தண்ணி ஊத்துறேன்?"

ஆனால் சென்னியப்பன் கண் இல்லாத ஆளல்ல. அவர் வந்ததிலிருந்து ஜெசிந்தா ஓர் இதழைக்கூட வெட்டவில்லை. எல்லாம் நூல். நூல், அதன்பின் வால்வின் வாயைச் சுற்றி ஒரு வளையம். ஒன்றும் கசியவில்லை.

ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிங்க. நீங்க வாயால சொல்ல மாட்டீங்க. கை சொல்லிருச்சு. நூல்தான்."

"என் கை அப்படியா சொல்லிச்சு?"

"வெட்டவே இல்லீங்களே."

"யாரும் வெட்டச் சொல்லலை," என்றார் ஜெசிந்தா.

தியேட்டரில் இவருக்கு யார் சொல்ல முடியும் என்று சென்னியப்பன் யோசித்தார். பிடிபடவில்லை. விட்டுவிட்டார்.

*

பிறகு ஊசியை அவர் கையில் கொடுத்தார்கள்.

நூலைக் கோத்தார். கீழே தசையில் ஒரு தையல், மேலே இதழின் விளிம்பில் ஒரு தையல். தண்ணீர் ஊற்றினார். நூலை இழுத்தும் தளர்த்தியும் இதழை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். வால்வு அழகாக மூடியது.

"சக்ஷன்," என்றார்.

குழாய் தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முடிச்சுப் போட்டார். அவருடைய முடிச்சுகள் பேர் பெற்றவை.

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். கத்தரியை வாங்கி அந்த நூலை அறுத்துப்போட்டார்.

"திரும்பக் கட்டுங்க சார்."

சென்னியப்பன் திரும்பக் கோத்தார். தண்ணீர் ஊற்றினார். வால்வு மூடியது. "சக்ஷன்."

இந்த முறை ஜெசிந்தா உறிஞ்சு குழாயின் வாயில் விரலை வைத்து அடைத்தார். அது உஸ்ஸென்று திணறி, அடங்கியது.

"தண்ணிக்குள்ள முடிச்சு தெரியாதுங்க மேடம்."

"தெரியாது."

"தெரியாம எப்படிங்க கட்டுறது?"

"தண்ணியை எடுத்துட்டா என்ன தெரியுது?"

"முடிச்சு தெரியும்."

ஜெசிந்தா விரலை எடுக்கவில்லை.

சென்னியப்பன் உள்ளே பார்த்தார். நீர் தளும்பிக்கொண்டிருந்தது. நூல் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. அதற்கு அடியில் வால்வு, மூடியபடி, முழு உருவத்தோடு நின்றது. சற்று முன்பு தண்ணீரை எடுத்ததும் அது எப்படித் துவண்டு கிடந்தது என்று நினைவுக்கு வந்தது. அவர் அதை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறார். பார்த்ததே இல்லை.

அன்று முடிச்சு அவருக்கு வரவில்லை. ஜெசிந்தாதான் போட்டார்.

*

அதன்பின் கேன்டீனில் சென்னியப்பன் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கினார். உள்ளே ஒரு ஸ்பூனைச் சாய்த்துவைத்து, தண்ணீருக்குள் நூல் கட்டிப் பழகினார். நூல் வழுக்கியது. முடிச்சு ஓடியது. ஜன்னலுக்கு வெளியே உப்பு மிதந்தது.

ரூபவதி சிஸ்டர் டீயோடு எதிரில் உட்கார்ந்தார்.

"சார், நூல் வெந்திருச்சா?"

"இன்னும் ஒரு கொதி பாக்கிங்க சிஸ்டர்."

"எங்க ஊர் தண்ணி. அப்படித்தான் வேகும்."

டம்ளர் தண்ணீர் அசைவதை நிறுத்தும்வரை சென்னியப்பன் காத்திருந்தார். பிறகு கட்டினார். முடிச்சு ஓடாமல் நின்றது. அவர் கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் போனது தெரியவில்லை.

*

"இவங்க உங்க கேஸ் சார்," என்றார் ஜெசிந்தா.

கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கியிருந்தாள். முத்துக்கனி. உப்பளத்தில் உப்பை வாரிச் சேர்க்கும் வாருபலகை இழுக்கிறவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாதத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள்.

"படுத்துக்கங்க அம்மணி," என்றார் சென்னியப்பன்.

"படுத்தா முட்டும் சார். சுவத்துல சாஞ்சுதான் தூக்கமே. கல்யாணத்துக்கு வாங்கின பாயி சுருட்டினது சுருட்டினபடி கெடக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "உள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரு சத்தம். எங்க வீட்டுக்காரரு காதை வச்சுக் கேட்டுட்டு, நண்டு வளை தோண்டுதுங்காரு."

சென்னியப்பன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நண்டு தோண்டிக்கொண்டிருந்தது.

"சரிபண்ண முடியலைன்னா உலோக வால்வு வைக்க வேண்டியிருக்கும். அதை வெச்சா, ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை."

"தெரியும் சார். அந்த டாக்டரம்மா சொன்னாவ. உப்புல காலு கீறாத நாளு உண்டா? ரத்தம் நிக்காம ஒழுகிட்டே கெடந்தா எவன் வேலைக்கு வைப்பான்? புள்ள பெத்துக்கிடதும் கஷ்டமாம்." சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது வேண்டாம்."

அவர் இரண்டு வழிகளையும் அவளுக்கு விளக்கினார். வெட்டுவது. கட்டுவது. நடுவில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதையும் சொன்னார்.

"நெஞ்சுக்குள்ளயா? என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணி."

முத்துக்கனி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "அங்கயும் அதானா? விடாது போல."

அப்புறம் அவள் முகம் மாறியது.

"வெட்டாதீய சார்."

"ஏனுங்க?"

"எங்க அத்தைக்குச் சர்க்கரை. கால்ல ஒரு விரலை வெட்டுனாவ. அப்புறம் பாதத்தை வெட்டுனாவ. அப்புறம் முட்டி வரைக்கும். வெட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாவ."

சென்னியப்பனுக்குத் தான் இங்கே கற்றுக்கொண்டது எல்லாம் நெஞ்சில் நிரம்பி நின்றது. நூல், நூல், நூல். ஒன்றும் கசியவில்லை.

"வெட்ட மாட்டேன் அம்மணி. நூல்தான்."

"சத்தியமா?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். உப்பில் காய்த்துப்போன கை. அவர் அதில் அடித்துக் கொடுத்தார்.

வராந்தாவில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சத்தியம் பண்ணீங்க சார்?"

"வெட்ட மாட்டேன்னு."

"தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியா?"

சென்னியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஜெசிந்தா பதிலுக்கு நிற்கவில்லை.

*

இதயம் தூங்கியது.

தட்டில் நூல்கள் வரிசையாகக் காத்திருந்தன. பக்கத்து ட்ராலியில், பிரிக்காத பெட்டிக்குள், உலோக வால்வும் காத்திருந்தது.

"தண்ணி," என்றார் சென்னியப்பன்.

நீர் உள்ளே போனது. இதழ்கள் எழுந்தன.

அவர் பார்த்தார்.

பின்னிதழின் நடுவில் கயிறு அறுந்திருந்தது. அது எக்கோ படத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் படத்தில் தெரியாத ஒன்று தண்ணீரில் தெரிந்தது. அந்த இடத்தில் இதழ் தேவைக்கு மேல் இருந்தது. காற்றில் உப்பிய சேலைத் தலைப்பு மாதிரி, எழுந்து எழுந்து வந்தது.

நூலால் இழுத்துக் கட்டலாம். மூடும். மேஜையில் சொட்டுக் கசியாது.

இதயம் விழிக்கும். வேகமாக அடிக்கும். அப்போது அந்த மிச்சத் துணி, ரத்தம் வெளியே போகிற வாசலில் போய் மறிக்கும். வால்வு வாயைப் பிளக்கும்.

சில. எல்லாம் இல்லை, சில.

அவர் உள்ளங்கை கையுறைக்குள் சுட்டது.

"மேடம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

"அதுதானுங்க பயமா இருக்குது."

ஜெசிந்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் ஓடியது. சென்னியப்பன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீர் தளும்புவது குறைந்தது. அப்புறம் நின்றது. இதழ் உப்பியபடியே நின்றது.

"கத்தரி," என்றார்.

ரூபவதி சிஸ்டர் பழக்கத்தில் நூலை நீட்டினார்.

"கத்தரிங்க சிஸ்டர்."

"அடிச்சுக் கொடுத்தீங்களாமே. வார்டு பூரா அதான் பேச்சு."

"கொடுத்தேன்."

கத்தரி கைக்கு வந்தது.

சின்ன முக்கோணமாக ஒரு துண்டை எடுத்தார். கத்தரியைத் திருப்பிக் கொடுத்தார். விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தார். வளையம் வைத்தார். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். உப்பல் போயிருந்தது. ஓர் ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக நின்றது.

"நூல்."

கோத்தார். இழுத்து, தளர்த்தி, மட்டம் பார்த்தார். ஓரம் கீழே இறங்கி மற்ற இதழோடு சேர்ந்துகொண்டது.

அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் கை தானாக நீண்டது. இத்தனை வருடப் பழக்கம். சிஸ்டர் உறிஞ்சு குழாயை அதில் வைத்தார். தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

சென்னியப்பன் குழாயின் வாயில் விரலை வைத்து அடைத்தார்.

உஸ்ஸென்று திணறி, அடங்கியது.

குறைந்த தண்ணீரை மறுபடி நிரப்பினார். காத்திருந்தார். நூல் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எது நூல், எது நிழல் என்று அவர் பார்க்கவில்லை. நூலுக்கு அடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே முடிச்சைக் கீழே இறக்கினார். அது வந்து உட்கார்ந்தது. ஓடவில்லை.

வால்வு ஒரு வளைந்த கோடாக மூடியிருந்தது. தூங்குகிறவர் உதடு மாதிரி.

*

இதயத்தை எழுப்பினார்கள்.

முதலில் ஒரு நடுக்கம். அப்புறம் ஒரு நீண்ட யோசனை. அப்புறம் ஓர் அடி. இன்னோர் அடி.

எக்கோ திரையில் கசிவு என்றால் வண்ணமாகப் பீறிடும். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வேகம் ஏற மருந்து கொடுத்தும் பார்த்தார்கள்.

வால்வுக்குப் பின்னால் திரை கறுப்பாகவே இருந்தது.

"அந்த வால்வுப் பெட்டியை உள்ள வைங்க," என்றார் ஜெசிந்தா.

*

மறுநாள் மத்தியானம், மூச்சுக்குழாயை எடுத்த பிறகு, முத்துக்கனி கண்ணைத் திறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னலில் உப்பு மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சென்னியப்பன் நின்றிருந்தார்.

குரல் கரகரத்தது. "வெட்டலையே சார்?"

சென்னியப்பன் இந்தக் கேள்விக்காகக் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

"வெட்டினேன் அம்மணி."

அவள் அவரையே பார்த்தாள்.

"கையில அடிச்சியளே."

"அடிச்சேன். உள்ள பார்க்காம அடிச்சிருக்கக் கூடாது."

"எம்புட்டு வெட்டுனிய?"

அவர் தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"அதோட நிறுத்திட்டியளா?"

"நிறுத்திட்டேன்."

முத்துக்கனி யோசித்தாள். பிறகு அவரை மறந்துவிட்டவள் போல எதையோ காது கொடுத்துக் கேட்டாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"சார்."

"சொல்லுங்க."

"நண்டைக் காணோமே."

அவர் தலையசைத்தார்.

"இந்தத் தலகாணியெல்லாம் எடுங்க சார்."

"இப்ப வேண்டாங்க. மெதுவா..."

"எடுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். காத்திருந்தார். இன்னொன்றை எடுத்தார். கட்டிலின் தலைமாட்டைத் தணித்தார். அவள் மல்லாந்து படுத்தாள். சென்னியப்பன் கையைக் கட்டிலின் கம்பியிலேயே வைத்திருந்தார், மூச்சு முட்டி அவள் எழுந்தால் பிடிக்கத் தோதாக.

அவள் எழவில்லை.

மார்பு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கீறல் விழுந்த பாதங்கள் இரண்டு பக்கமும் தளர்ந்து சாய்ந்தன.

அவர் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போனது.

கதவு திறந்தது. ஜெசிந்தா.

"பஸ் எத்தனை மணிக்கு சார்?"

அவர் திரும்பவில்லை.

"வந்த அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. பதில் சொல்லாம அனுப்பினா நல்லா இருக்காது." ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்றார். "இப்ப நீங்களே சொல்லுங்க. வெட்டுறது நல்லதா, நூல்..."

சென்னியப்பன் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க மேடம். தூங்குறாங்க."